பாபு அண்ணாத்த பேசிய ஜப்பானிய மொழி

வீட்டில் கேம் பெட்டிக்கு மாட்டிய அடாப்டர் சூடேறி, அதன் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும், ஜிஎஸ்டி ரோட்டை அகலப்படுத்தியபோது இடிபட்டுப்போன ஊரப்பாக்கம் வீடியோ கேம் கடையில், முனகிக்கொண்டே சுற்றும் அந்த ஃபேனுக்குக் கீழே மறுபடி பள்ளிக்கூடப் பையனாக உட்கார்ந்திருந்தேன். நாமே வீரனாகி ஊர் ஊராகப் போகும் கேம் அங்கே ஒன்றுதான்; அதிலும் முழுக்க ஜப்பானிய எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியாததால், திரையில் யார் வாயைத் திறந்தாலும் கடைக்கார பாபு அண்ணாத்ததான் பின்னாலிருந்து பேசுவார். மந்திரக் கிழவன் வந்தால், "இன்னா நைனா, நாஸ்தா துன்ட்டியா? காட்டுல பூதம் கீது, பாத்துப் போ" என்பார். பூதம் வந்ததும், வாளேந்திய வீரனாகிய நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லா பட்டனையும் அமுக்குவேன். "பயப்படாத மச்சான், உன்னப் பாத்து எனக்கே பேஜாரா கீது" என்று பூதத்துக்கும் அவரே பேசுவார்.

போன வருடம் அவர் இறந்துபோனார். அதே கேம் இப்போது ஆங்கிலத்தில் வந்திருக்கிறதென்று வாங்கிப் போட்டேன். கிழவன் எதிரே வந்தான். அவன் நிஜமாகச் சொன்னதைப் படித்துவிட்டால் அண்ணாத்த சொன்னதெல்லாம் அழிந்துவிடுமே என்று, ஐம்பதை நெருங்கும் வீரனாகிய நான் அவசரமாக மெனுவைத் திறந்தேன். படிப்பதற்குள் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றிவிட்டேன்.

இனி கிழவனுக்காக நான்தான் பேசியாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிப் பார்த்தேன். வந்தது என் குரல்தான்.