ஜன்னல் வழியே துப்பியது

தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். சொல்லவே கூசுகிற விஷயம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டியை எடுத்தால் எனக்கு வாயில் சின்னமனூர் வெற்றிலை இருந்தாக வேண்டும். அன்று உத்தமபாளையம் தாண்டி, வேகத்தடையில் வேகத்தைக் குறைத்தபோது, வழக்கம்போல ஜன்னல் வழியே துப்பினேன். பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அந்த நேரம் ஒரு பைக் என்னை முந்த வந்திருக்கிறது. ஓட்டியவர் கண் தெரியாமல் தடுமாறி, எதிரே வந்த வாழைத்தார் லாரிக்கு முன்னால் விழுந்தார். லாரிக்காரர் எப்படியோ பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்.

இறங்கி ஓடினேன். அவர் முகமெல்லாம் சிவப்பு. தலை உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். மற்றதெல்லாம் என் எச்சில்.

கூட விழுந்த அவர் மனைவி முந்தானையால் துடைத்தார். வாடை பட்டதும் கையை உதறினார்.

"ரத்தமா இருந்தாக்கூட கூசாமத் தொடச்சிருப்பேன். இது என்னண்ணே, எச்சி!"

வெற்றிலையை அன்றோடு விட்டேன். சாயங்காலம் என் ஜன்னலுக்குக் கீழே வழிந்திருந்த கறையை நானே தேய்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. வண்டி கழுவுகிற அக்கா இத்தனை வருஷமும் இதைத்தான் வெறுங்கையால் தேய்த்திருக்கிறார்.