விமான நிலையத்தில் கேட்ட சொல்

தோஹாவில் நர்ஸாக இருக்கும் சந்தியா, ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர் தியேகோவைப் போன வருடம் மணந்தாள். மாற்றாந்தாயை ஸ்பானிஷில் 'மத்ராஸ்த்ரா' என்பார்கள், பிள்ளைகள் முகம் சுளித்துச் சொல்லும் சொல் அது என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

விடுமுறைக்கு தோஹா விமான நிலையத்தில் வந்திறங்கிய, அவருடைய முதல் மணத்து மகள் லூசியா, வீடியோ காலில் தோழியிடம் சந்தியாவைக் காட்டி, "இதுதான் என் மமாஸ்த்ரா" என்றாள்.

அந்த 'ஸ்த்ரா' காதில் விழுந்ததும் சந்தியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்ததும் வராததுமாக ஊரறிய வைகிறாளா?

"என்ன சொன்னே?"

லூசியா பயந்துபோனாள். "திட்டலை. 'மமா'ன்னா அம்மா. அதையும் மத்ராஸ்த்ராவையும் சேர்த்துச் செல்லமா அப்படிச் சொல்லுவோம். பிடிக்கலைன்னா பேர் சொல்லியே கூப்பிடுறேன்."

இதுவரை நேரில் பார்த்திராத பெண் அம்மா என்கிறாள்.

"வேணாம், அப்படியே கூப்பிடு" என்ற சந்தியா, அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டாள்.