அமெரிக்கக் கவிஞர் பக்கத்தில் நிற்பவர் யார்?

இன்று காலை யூடியூபில் என் கணவரைப் பார்த்தேன்!

(பதறாதீர்கள். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்.)

அமெரிக்காவில் ஒரு பெண், தாடிக்காரக் கவிஞர் ஒருவர் தலைகாட்டிய படத்துண்டுகளையெல்லாம் தேடிப் பிடித்துப் போடுகிறாள். போரையும் அரசாங்கத்தையும் திட்டிக் கவிதை எழுதி அந்த நாட்டையே கலக்கியவர். ஒரு படத்தில் ஊர்வலத்தில் நடக்கிறார். இன்னொன்றில் யாரோ பாட, பின்னால் சும்மா நிற்கிறார்.

மூன்றாவதில், நம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம்!

அறுபதுகளின் தொடக்கம். ஆடிப்பெருக்கு. திருச்சியிலிருந்து பஸ் பிடித்து நாங்கள் இருவரும் காவிரிக்குப் போயிருந்தோம்.

அந்தக் கவிஞரும் குளிக்க வந்திருந்தார். இடுப்பில் வேஷ்டி நிற்கவே இல்லை!

"சார், விடுங்க, நான் கட்டி விடறேன்" என்று என் கணவர் ஓடிப்போய் இறுக்கிக் கட்டிவிட்டார். கவிஞர் சிரித்தார், இவரும் சிரித்தார். கூட வந்த வெள்ளைக்காரர் அதைக் கேமராவில் பிடித்தார்.

இவர் ஆற்றில் முங்கப் போனதும் கேமராக்காரர் நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்தார்.

"மேடம், உங்கள் கணவர் பெயர்?"

ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் கான்வென்ட்டுக்கே கப் வாங்கித் தந்தவள் நான். வாய் திறக்கவில்லை! கட்டினவர் பெயரைச் சொல்வதா?

பக்கத்தில் மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "இங்கிலீஷ்ல சொன்னா தோஷமில்லடி, சொல்லு!" என்றாள்.

படித்துறையே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று (பிழையில்லாத ஆங்கிலத்தில்) சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். நோட்டை வாங்கி எழுதியாவது கொடுத்திருக்கலாம். வீம்பு.

இவர் கரையேறுவதற்குள் அவர்கள் கார் போய்விட்டது.

"ஏம்மா, என் பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா? அமெரிக்கா பூரா தெரிஞ்சிருக்கும்!" என்று பஸ்ஸில் வழிநெடுகப் புலம்பினார். பாதி விளையாட்டு. பாதி நிஜம்.

இன்று அந்தப் படத்தின் அடியில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா?

"கவிஞருடன், பெயர் தெரியாத உள்ளூர்க்காரர்."

என் கணவர் பெயர் தெரியாதவரா? அப்படி ஆனது என்னால்தானே!

உடனே கமெண்டில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எங்கே கேட்டாலும் எழுதித்தான் கொடுப்பேன். வாயால் சொன்னதில்லை.

மத்தியானமே அந்த அமெரிக்கப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

"மிக்க நன்றி! படங்களுக்குப் பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் என்னுடையது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். நடுவிலுள்ள இசட்-எச் எப்படி ஒலிக்கும்? தயவுசெய்து என் வாட்ஸ்அப்புக்குப் பேசி அனுப்புங்களேன், எண் கீழே இருக்கிறது."



அவள் வாயில் அவர் "பசானிவேல்" ஆகிவிடுவதை நினைத்துப் பார்த்தேன். தாங்கவில்லை!

மைக் பட்டனை அழுத்தினேன்.

"பழனிவேல்."

மூன்றாவது முறை சொன்னதைத்தான் அனுப்பியிருக்கிறேன். (முதல் இரண்டில் குரல் நடுங்கி ழகரம் சரியாக விழவில்லை. அதையெல்லாம் அமெரிக்காவுக்கு அனுப்ப முடியுமா?)