மார்ச் மாத அளவு

புஷ்பவல்லி மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்க வந்தவள். படிப்பு முடிந்த கையோடு ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கேயே இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. கதிர்வீச்சு உள்ள இடங்களில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜைக் குத்தியிருப்பார்கள். மாதம் ஒருமுறை அவை அவளிடம் வரும். உள்ளே இருக்கும் வில்லையைச் சூடாக்கினால், போட்டிருந்தவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறார் என்று கருவி காட்டிவிடும். ஒருமுறைதான். அதோடு வில்லையில் இருந்தது அழிந்துபோகும்.

2009இல் மத்திய ஆசியாவிலிருந்து நாற்பது பேட்ஜ்கள் வரத் தொடங்கின. அங்கே ஒரு காலத்தில் மலையைக் குடைந்து, உள்ளே அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்திருந்தார்கள். உள்ளே கிடந்த பழைய இரும்புக்காக ஆட்கள் நுழைந்துவிடாமல் அந்தச் சுரங்கங்களை அடைக்கும் வேலையை ஒரு ஆஸ்திரேலிய கம்பெனி எடுத்திருந்தது. பெயர்ப் பட்டியலில் ஒரு தமிழர் இருந்தார்: பேர்னாட் ஆனந்தராஜா, பாறையில் துளை போடுகிறவர். யாரோ தெரிந்தவரைப் பார்த்தது போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் மாதம் அவருடைய பேட்ஜ் மட்டும் மற்றவற்றைப்போல் முப்பது மடங்கு காட்டியது. கம்பெனிக்காரர்கள் பதறவில்லை. பேட்ஜை லாரியில் வெயிலில் விட்டுவிட்டார் என்றார்கள். "மற்றவர்களின் சராசரியைப் போட்டு முடி," என்றார் ஆய்வுக்கூட மேலாளர். அந்த வாரம்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இருந்தது. சூடு பட்டால் அளவு இறங்குமே தவிர ஏறாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கருவியின் மூலப் பதிவை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

போன வருடம் மெல்பர்ன் புறநகரான ரோவிலில் ஒரு பிறந்தநாள் விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பெயர் மேரிறோஸ் என்றாள். மன்னார் பக்கம். புருசனுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றும், கேட்ட இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"சுரங்கத்துக்குள்ள வேலை செய்தவர் அக்கா. ஆனா பேட்ஜில ஒண்டும் காட்டேல்லையாம்."

புஷ்பவல்லி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பெயரைக் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். நான்காவது சனிக்கிழமை மூலப் பதிவை ஒரு உறையில் போட்டுக்கொண்டு கிரெய்கிபர்னில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். பேர்னாட் கதிரையில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க மார்ச் மாத அளவை மாத்தி எழுதினது நான்தாங்க. பொய்ன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

குசினிக் குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. மேரிறோஸ் வாசலில் வந்து நின்றாள்.

பேர்னாட் அவள் நீட்டிய உறையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "அந்த மாதம் மேல இருந்து கல்லு கொட்டுண்டு உள்ள அம்பிட்டனான். ரெண்டு மணித்தியாலம்," என்றார். "வெளியில வந்த பிறகு பயமாத்தான் இருந்தது. பேட்ஜ் சரி எண்டு கடிதம் வந்தது. அதை நம்பி இன்னும் ஆறு மாதம் உள்ள போனனான்."

அந்த ஆறு மாதத்தை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவ்வளவு காலமும் ஒரு மாதத்துப் பொய் என்றுதான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"அதை இப்ப கேக்காதேங்கோ," என்றார் அவர். "கோர்ட்டில சொல்லுவியளோ?"

"சொல்றேன்."

சொன்னாள். வேலை போயிற்று. அவள் சாட்சி சொன்ன அன்று, பழைய மேலாளர் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். எட்டு மாதம் கழித்து மேரிறோஸ் போன் செய்தாள்: இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், சிகிச்சை முழுவதும் இனி அவர்கள் பொறுப்பு. அவர் எப்படி இருக்கிறார் என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"இருக்கிறார் அக்கா. ஆனா நீங்கள் வீட்டை வர வேண்டாமெண்டு சொல்லச் சொன்னவர்."

அவள் சரி என்றாள். அது நியாயம்தான் என்று தோன்றியது.

கல் விழுந்த அன்று பேர்னாட்டைத் தோண்டி எடுக்க நான்கு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களின் பேட்ஜ்கள் வெளியே அறையில் தொங்கிக்கொண்டிருந்தன என்பது விசாரணையில்தான் தெரியவந்தது. அவர்களுக்கும் ஆபத்து என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே அளவு, அவள் மாற்றி எழுதியதுதான். நான்கு பேருக்கும் நடந்ததை விவரமாகக் கடிதம் எழுதி அனுப்பினாள். இருவர் பதில் போட்டார்கள். ஒரு கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. நான்காமவரின் மகள் எழுதியிருந்தாள்: அப்பா 2016இல் இறந்துவிட்டார், எதனால் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.