வெள்ளிக்கிழமைப் பரிசோதனை

நாங்கள் உள்ளே நுழைந்ததும் யாரும் எழும்பி நிற்காத சாப்பாட்டுக்கடையை நான் இன்னும் காணவில்லை. எழும்பியவர் எதை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. 'எங்கள்' என்பது கொஞ்சம் பெரிய சொல். பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நான் 'சேர்' என்று கூப்பிடுபவர். புவியியலில் பட்டம் முடித்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று அரசாங்கம் போட்ட இடத்தில் இருக்கும் நான், அவர் சொல்வதைப் படிவத்தில் எழுதுவேன். எந்தக் கடைக்கு எந்த நாளில் போவது என்று மாத அட்டவணையும் போடுவேன். வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்று ஆரம்பத்தில் சந்தோசப்பட்டேன்.

உங்களிலும் படித்தது ஒன்று, பார்க்கிற வேலை இன்னொன்று என்று ஃபைலோடு அலைகிறவர்கள் இருப்பீர்கள். கதைக்காமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்புகிறவர்களும் இருப்பீர்கள். சுன்னாகம் சந்தைப் பக்கம் இருக்கும் தவமக்காவின் கடைக்குப் பூட்டு விழுந்ததில் என் பங்கு என்ன என்பதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தொப்பி

முதல் கடை வாசலில் சேரின் மோட்டார் சைக்கிள் நிற்கும்போதே தெரு முழுக்கத் தொலைபேசியில் செய்தி போய்விடும். அந்தக் கடையில் ஒருவர் தலையிலும் தொப்பி இராது. மூன்றாவது கடையில் ரொட்டி போடுபவர் புதுத் தொப்பியோடு நிற்பார். விலைச்சீட்டு காதருகே தொங்கும். ஒருநாள் ஒரு கடையில், சாப்பிட வந்த ஒருவருக்கும் அவசரத்தில் ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் பாவம், அதோடேயே இடியப்பம் தின்றுகொண்டிருந்தார்.

சேர் சிரிக்கவில்லை. நான் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்தது எங்கே என்று அட்டவணையைப் பார்த்தேன். ஓட்டோ தரிப்பிடத்தில் இருந்த ஒருவர் உதவிக்கு வந்தார். "அந்த முடக்குக் கடைக்குப் போங்கோ மிஸ், அவை எல்லாரும் தொப்பி போட்டிட்டு உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

வெள்ளிக்கிழமை

கூட்டம் எனக்கு ஆகாது. சனம் நிறைந்த நாளில் கடைக்குள் போனால் பிசைகிற கைகள் எல்லாம் நின்றுவிடும். யாராவது ஒருவர், இங்கே சாப்பிடலாமா கூடாதா என்று எல்லோருக்கும் கேட்க என்னிடமே விசாரிப்பார். வெள்ளிக்கிழமை அந்தத் தொல்லை இல்லை. சைவக்காரர் நடத்தும் கடைகளில் அன்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்க மாட்டார்கள். சனமும் பாதிதான் வரும். ஆகவே அந்தக் கடைகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குப் போட்டேன். டெங்கு, கிணறு, பள்ளிக்கூடம் என்று நூறு வேலையோடு ஓடும் சேர் என் அட்டவணைப்படியே வந்தார்.

தவமக்காவின் கடைக்கு மூன்று முறை போனோம், மூன்றும் வெள்ளி. மஞ்சள் தண்ணீர் தெளித்த நிலம், சாம்பிராணி வாசம், கண்ணாடிபோல் விளக்கிய சட்டிகள். பிரிட்ஜைத் திறந்தால் துடைத்த ஈரமும் ஒரு தயிர்ச்சட்டியும் மட்டுந்தான். மூன்று முறையும் 'திருப்தி' என்று எழுதினேன். 'ஏ' தர அட்டை கிடைத்தது. தவமக்கா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வெங்காய வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துச் சொன்னதைப் பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். "உவை வெள்ளிக்கிழமையில வந்து பாக்கினம், நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில சாப்பிடுறம்."

ஐஸ் பெட்டி

ஒரு ஞாயிறு, ரியூசனுக்கு வந்த பிள்ளைகள் தவமக்காவிடம் கோழிக்கறிப் பார்சல் வாங்கினார்கள். பின்னேரம் ஒன்பது பேர் சத்தியும் வயிற்றோட்டமுமாக ஆசுபத்திரியில். எல்லோரும் தப்பினார்கள், ஒரு பிள்ளை மட்டும் மூன்று நாள் சேலைனோடு கிடந்தாள். திங்கட்கிழமை விடியவே நாங்கள் கடைக்குப் போனோம்.

சேர் கேட்கக் கேட்கத் தவமக்கா எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைக்குள் இறைச்சி இருக்கக்கூடாது. அதனால் வியாழன் பின்னேரமே, மிஞ்சிய கோழியை ஐஸ் பெட்டியில் போட்டுப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டு, பிரிட்ஜைக் கழுவித் துடைப்பார்கள். சனி காலையில் ஐஸ் தண்ணீராகியிருக்கும். கோழி திரும்பப் பிரிட்ஜுக்குள் போகும், ஞாயிறு கறியாகும்.

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. அந்த வெறும் பிரிட்ஜ் எனக்கு வித்தியாசமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒருமுறை, இரண்டாவது வெள்ளியாக இருக்கவேண்டும், இவ்வளவு கோழி விற்கிற கடையில் இன்றைக்கு அது எங்கே என்று மனதில் ஓடியது. கேட்கக் கூச்சமாக இருந்தது. சாமி விசயம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். இதைச் சேரிடம் சொல்லும்போது தவமக்காவும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கோபிக்கவில்லை. "ஒருநாள் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்தானே தங்கச்சி, இதில ஒளிக்க என்ன கிடக்கு?"

கடைசி வாங்கு

சேர் வழக்குத் தாக்கல் செய்தார். தவமக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருடைய சட்டத்தரணி என் கையெழுத்தில் இருந்த மூன்று படிவங்களையும் காட்ட, மூன்றுமே வெள்ளிக்கிழமையாக இருப்பது ஏன் என்று நீதவான் கேட்டார். சேர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. அட்டவணைக்குத் தானே பொறுப்பு என்றார். தண்டப்பணத்தோடு, குறைகளைத் திருத்தும்வரை கடையை மூட உத்தரவாயிற்று.

நான் நீதிமன்றத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழும்பி உண்மையைச் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு மாறியிராது. ஆனால் பிழை உரிய ஆளின் பெயரில் போயிருக்கும். நான் எழும்பவில்லை. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சேரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "சொல்லுறதெண்டா உள்ளுக்கை சொல்லியிருக்கோணும் பிள்ளை, மரத்துக்குக் கீழை எல்லாரும் சொல்லுவினம்."

முன் மேசை

இரண்டு கிழமை கடை பூட்டிக் கிடந்தது. கதவில் உத்தரவை ஒட்டியது நான்தான். பிறகு அவர்கள் எல்லாவற்றையும் திருத்தினார்கள். வியாழனோடு முடிகிற அளவுக்கு மட்டுந்தான் இப்போது கோழி வாங்குகிறார்கள். சேர் ஒரு புதன்கிழமை போய், கொட்டில் வரைக்கும் பார்த்து அனுமதி கொடுத்தார். கடை திறந்தது, சனம் வரவில்லை. இப்படியே போனால் இந்த மாதத்தோடு கடையை விட்டுவிடப் போவதாகத் தவமக்கா சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

ஞாயிறு மத்தியானம் படிவம் இல்லாமல் போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி முழுக்க ஸ்கூட்டியில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். கடைக்குள் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் மூலை மேசையைத் தேடிப்போய், சுவரைப் பார்த்து இருந்தேன். தவமக்கா சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்தார். சொல்லிப் பார்த்ததை விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். அவர் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ரியூசன் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். என் தட்டைத் தானே தூக்கிக்கொண்டுபோய், தெருவோர மேசையில் வைத்தார். "இதில வந்து இருங்கோ தங்கச்சி, நீங்கள் ஆரெண்டு உந்தச் சனத்துக்குத் தெரியும், சாப்பிடுறதைக் காணட்டும்."

இரண்டு வருட உத்தியோகத்தில் தவமக்காவுக்கு நான் செய்த உருப்படியான ஒன்று, காலம் பிந்தி, தெருவைப் பார்த்தபடி ஒரு தட்டுச் சோற்றை முடித்ததுதான். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.