எலெக்ட்ரானுக்கு அடித்த தந்தி

நான் முட்டாள் என்பதை மற்றவர்கள் கண்டுபிடிக்கச் சில நாள் பிடிக்கும். நானே கண்டுபிடிக்க ஒரு தந்தி போதுமாக இருந்தது. பத்துச் சொற்கள். அந்தப் பத்தையும் அடிக்காமல் இருந்திருந்தால் என் மனைவி ஒரு கப்பல் முன்னதாகவே போர்ட் பிளேருக்கு வந்து இறங்கியிருப்பாள்.

அறுபதுகளின் நடுவில் நான் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. என் வேலைகளில் ஊர் மதித்தது ஒன்றே ஒன்றுதான். தீவுக்கு வர மெயின்லேண்டிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டால், தினமும் காலையில் வயர்லெஸ் அறையிலிருந்து ஒரு சீட்டு வரும்: கப்பல் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது. அதை வாசல் கரும்பலகையில் எழுதுவேன். வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் பலகை முன் வந்து நிற்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களும், "பாபு, ஜஹாஜ் கிதர் ஹை?", கப்பல் எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, பலகையில் இருப்பதையே சொல்வேன். கப்பலை நானே ஓட்டி வருவதாக ஒரு நினைப்பு.

லம்பா லைன் என்கிற பேட்டையில் ஒரே குவார்ட்டர்ஸில் என்னோடு தங்கியிருந்தவர் ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியார். நாகர்கோவில்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். கல்யாணமாகாதவர், ஆகையால் எல்லா விஷயத்திலும் தெளிவான கருத்து உள்ளவர். மேல்பரீட்சைக்காக அவர் படித்த இயற்பியல் புத்தகம் தீவின் ஈரத்தில் ஊறி உப்பி, தலையணை மாதிரி ஆகியிருந்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஞாயிறு மாலைகளில் என்னோடு மின்னி பே கடற்கரைக்கு நடந்து வருவார்.

அப்படி ஒரு மாலை சொன்னார். "வே, எலெக்ட்ரான் எங்க இருக்கு, என்ன வேகத்துல எந்தப் பக்கம் போகுது, இந்த ரெண்டையும் ஒருசேரத் துல்லியமாச் சொல்லவே முடியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் முடியாது? நான் தினமும் போர்டுல எழுதுதேன்லா?"

"அது கப்பலு வே. அம்மாம் பெரிய சாமானுக்கு இந்தக் கலக்கம் கண்ணுல படாது. எலெக்ட்ரான் பொடிசு. அதப் பாக்கணும்னா அது மேல வெளிச்சத்த அடிக்கணும். அடிச்சா நவுந்துரும். இது பாதிதான். மீதி என்னன்னா..."

மீதியை நான் கேட்கவில்லை. என் மனம் பாளையங்கோட்டையில் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். அடுத்த கப்பலில் மனைவியை அனுப்புவதாக மாமனார் எழுதியிருந்தார். அவளும் ஒரு கடிதம் போட்டிருந்தாள்: "ஏற்பாடு நடக்கிறது. அம்மா அழுகிறாள். நான் கடலைப் பார்த்ததில்லை. அங்கே கொத்தமல்லி கிடைக்குமா?" இதில் விருப்பம் எங்கே இருக்கிறது என்று தலைகீழாகத் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை. கடிதத்தில் கேட்டால் பதில் அடுத்த கப்பலில்தான் வரும்; அதற்குள் அந்த மனசு பழைய மனசாகிவிடும். பார்க்க வேண்டுமானால் வெளிச்சத்தை அடிக்கத்தான் வேண்டும் என்று, கேட்ட பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு மறுநாள் தந்தி ஆபீசுக்குப் போனேன். வர உனக்கு விருப்பமா இல்லையா, இல்லையென்றால் வர வேண்டாம் என்று இங்கிலீஷில் பத்துச் சொல்லாக அடித்தேன்.

கப்பல் வந்தது. அவள் வரவில்லை. தபால் மூட்டையில் மாமனார் கடிதம் வந்தது. தகரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது தந்தி வந்ததாம். மாமியார், "உனக்கு விருப்பமாடி, இல்லையா?" என்று கேட்டாராம். பிறகு சித்தி கேட்டாளாம், பிறகு பக்கத்து வீட்டுக்காரி. அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மெட்ராஸ் ரயில் போய்விட்டது. "இன்னும் பதில் சொல்லவில்லை, மாப்பிள்ளை" என்று முடித்திருந்தார்.

வாத்தியார் கடிதத்தைப் படித்தார். "அடிச்சீரு. நவுந்துட்டா."

"அவ மனசுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்லா? நான் முரட்டுத்தனமாப் போயிக் கலைச்சுட்டேன். பதவிசாப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மீதியக் கேக்காமப் போனீரே, அது இதுதான்" என்று மின்னி பேயைக் காட்டினார். வெளியிலிருந்து நீளநீளமாக அலைகள், வரி போட்ட நோட்டு மாதிரி வந்துகொண்டிருந்தன. "ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு தூரம்?"

எண்ணி, பார்த்து, "இருவது அடி" என்றேன்.

"அலை எங்க இருக்கு?"

"எங்கன்னா? கடல் பூராவும் இருக்கு."

அவர் ஒரு பவளக்கல்லை எடுத்து எறிந்தார். "இப்ப எங்க இருக்கு?"

"அந்தா, அங்க."

"இதுல அலைக்கு அலை எவ்வளவு?"

நான் எண்ண ஆரம்பிப்பதற்குள் அது ஒரு குலுங்கலாகக் குலுங்கிக் கரைந்துவிட்டது.

"எலெக்ட்ரானும் ஒரு தினுசுல அலைதான். அதோட வேகம் அந்த இருவது அடி மாதிரி, அலைக்கு அலை உள்ள தூரத்துல இருக்கு. இடம் தெளிஞ்சா வேகம் கலங்கும், வேகம் தெளிஞ்சா இடம் கலங்கும். ஒளிச்சு வச்சிருக்கு, நமக்குத் தெரியலன்னு இல்ல வே. ரெண்டும் ஒருசேரத் தெளிஞ்சதா அதுகிட்டயே கெடயாது."

வெயில் தணிந்து, கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாக இருந்த நேரம். அந்தத் துணியில் எங்கோ ஒரு பெட்டி மேல் அவள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. வருவதாகவும் இல்லை, வராததாகவும் இல்லை. வாத்தியார் புத்தகத்தால் என் முதுகில் தட்டினார்.

"இப்ப நான் என்ன செய்ய?" என்றேன்.

"ஒண்ணும் கேக்காதீரும்."

திரும்பிப் போகும் கப்பலில் ஒரு கடிதம் போட்டேன். அதில் இருந்தது ஒரே வரி: "கொத்தமல்லி பெரார்கஞ்சிலிருந்து வருகிறது." பெரார்கஞ்ச் தீவிலேயே காய்கறி விளைகிற ஒரு கிராமம். அதற்கு மேல் எழுதாமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பேனாவை வாத்தியாரிடம் கொடுத்து அவர் டிரங்குப் பெட்டியில் பூட்டச் சொன்னேன்.

மெட்ராஸிலிருந்து மறுபடி கப்பல் கிளம்பியது. அதில் அவள் இருக்கிறாளா என்று ஒரு தகவலும் இல்லை. மூன்று காலை, இடமும் வேகமும் எழுதினேன். எழுதிய பிறகு அந்த எண்கள் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "பாபு, ஜஹாஜ் கிதர் ஹை?" என்று கேட்டவர்களிடம், "மாலூம் நஹி", தெரியாது என்று சொல்லிவிட்டேனாம். ஊர் பயந்துபோய்விட்டது.

நாலாம் நாள் கப்பல் வந்து அணையும் சாத்தம் ஜெட்டியில் நின்றேன். மழைப்புகைக்குள் கப்பல் முதலில் ஒரு கறையாகத்தான் இருந்தது. தீவா, மேகமா, கப்பலா என்று தெரியாத அந்தச் சிறிது நேரம் போல் நிம்மதியான நேரம் எனக்குப் பிறகு வாய்த்ததில்லை. கறை கப்பலாயிற்று. ஏணி இறங்கிற்று. அதன் உச்சியில், கடல் மயக்கத்தில் வெளுத்த முகத்தோடு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள்.

வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை இறக்கினேன். கயிற்றை அவிழ்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணி முடிச்சு: கொத்தமல்லி விதை. என் கடிதத்தை முழுதாக நம்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் நான்தானே.

"அன்னிக்குத் தந்தி வந்தப்போ," என்றேன், "உனக்கு வரணும்னு இருந்துதா, வேண்டாம்னு இருந்துதா?"

அவள் விதை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேக்காம இருந்திருந்தா சொல்லிருப்பேன்."