ஷெல் விழுமுன்

அந்தப் படத்தின் முடிவு எனக்கு மறந்துவிட்டது. அதைப் பார்க்க வந்த ஒரு பெரியவரை மறக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் தேவாலய மண்டபத்தில், போரைப் பற்றிய அந்தப் படத்தைச் சில மாலைகள் தொடர்ந்து காட்டினோம். கதவடிக் கதிரையில் அவர் இருப்பார். நரைத்த மீசை, மினுக்கி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, மடியில் குடை. தொடக்கத்தில் ஒரு குடும்பம் குசினியில் கூடியிருந்து புட்டுச் சாப்பிடும். பிள்ளைகள் மீன்பொரியலுக்குச் சண்டை பிடிப்பார்கள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். திரையில் முதல் ஷெல் குண்டு கூவியதும் எழுந்து போய்விடுவார். மறுநாளும் அப்படியே.

பாடுபட்டுக் கொண்டுவந்த படம். எனக்குக் கோபம் வந்தது. வாசலில் மறித்தேன்.

"ஐயா, படம் பிடிக்கேல்லையோ?"

"சீச்சீ, நல்ல படம் தம்பி. முதல் பகுதியிலை எல்லாரும் இருக்கினமெல்லோ. அதைப் பாக்கத்தான் வாறனான்."

"மிச்சத்தையும் பாக்கலாமே?"

"மிச்சம் நான் பாத்தனான்."

கடைசி நாள் அவர் ஷெல்லுக்குக் காத்திருக்கவில்லை. திரையில் தாய் இன்னும் கொஞ்சம் புட்டுப் போடும்போதே எழுந்தார். கதவில் கைவைத்தபடி திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டாரிடம் மெல்லச் சொன்னார்:

"அப்ப நான் போயிட்டு வாறன்."